நஞ்சை ஏந்தும் கரி

தமிழில் கரிக்கு நல்ல பெயர் வாய்க்கவில்லை. ஒருவர் நம் மானத்தைக் கெடுத்துவிட்டால் முகத்தில் கரி பூசிவிட்டார் என்கிறோம். ஆயினும் நம் பாட்டனார் காலத்தில் கரி இல்லாத வீடு இருந்ததில்லை. உமிக்கரியால் பல் துலக்கினார்கள். சிரட்டைக் கரியை இட்ட இஸ்திரிப் பெட்டியால் பெருநாள் உடுப்புகளைத் தேய்த்தார்கள். மவ்லிது ஓதும் இரவுகளில் சாம்பிராணிப் புகை எழுந்ததும் கரிக் கங்கின் மீதுதான். ஊழியம் முடிந்த பின்னர் அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு, ஒட்டிய கறையைக் கழுவிக்கொண்டார்கள்.

கறைப்படுத்தும் இப்பொருளே கறை நீக்கும் பொருளாகவும் இருப்பது படைப்பின் விந்தைகளுள் ஒன்றாகும். சர்க்கரையின் நிறத்தைப் போக்கவும், குடிநீரின் நாற்றத்தை அகற்றவும், நஞ்சுண்டவரின் வயிற்றில் நஞ்சைப் பிடித்து நிறுத்தவும், நச்சுக்காற்றினின்று மூச்சைக் காக்கவும் கரி பயன்பட்டிருக்கிறது. அதன் வழியைப் பின்பற்றி மனிதர் வேறு பல பொருள்களையும் ஆக்கியிருக்கின்றனர். இவை எவ்வாறு தொழிற்படுகின்றன, எவ்வாறு நம் வாழ்வில் இடம்பெற்றன, இவற்றிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பரப்பின் ஆற்றல்

பஞ்சு நீரை உறிஞ்சும்போது நீர் பஞ்சின் உள்ளெங்கும் பரவுகிறது. கரி செய்யும் வேலை அதனின்றும் வேறானது. கரியின்மீது படும் வாயுவின் மூலக்கூறுகளோ, நீரில் கரைந்துள்ள பொருளின் மூலக்கூறுகளோ அதன் பரப்பில் வந்து ஒட்டி நின்றுவிடுகின்றன. இதனைப் பரப்புக் கவர்ச்சி என்று நம் வேதியியல் நூல்கள் குறிப்பிடுகின்றன.

இதன் காரணம் எளியது. திண்பொருளின் உள்ளே இருக்கும் ஓர் அணுவை எல்லாப் பக்கங்களிலும் அண்டை அணுக்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பரப்பில் இருக்கும் அணுவுக்கோ ஒரு பக்கத்தில் துணையில்லை. அப்பக்கத்துக் கவர்ச்சி செலவாகாமல் எஞ்சி நிற்கிறது. அருகே வரும் வேற்று மூலக்கூற்றை அது பற்றிக்கொள்கிறது. இத்தகைய கவர்ச்சி எல்லாத் திண்பொருள்களுக்கும் உண்டு. ஒரு கூழாங்கல்லுக்கும் உண்டு. ஆனால் கல்லின் பரப்பு சிறிது. ஆதலால் அதனால் பெரும்பயன் விளைவதில்லை.

கரியின் பெருமை அதன் உட்பரப்பில் அடங்கியுள்ளது. தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, அக்கரியின்மீது 800 முதல் 1,000 செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நீராவியைச் செலுத்துகின்றனர். நீராவி கரியின் ஒரு பகுதியை அரித்து வாயுவாக்கிக் கொண்டுபோகிறது. அரித்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாகின்றன. இவ்வாறு ஆக்கப்படுவதே கிளர்வுற்ற கரி. அதன் ஒரு கிராமில், துளைச் சுவர்களையெல்லாம் விரித்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், ஒரு சிட்டிகைக் கரிக்குள் 25 சென்ட் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இங்கே ஓர் உண்மையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கரி பெரும்பாலும் நஞ்சை அழிப்பதில்லை, ஏந்தி வைத்துக்கொள்கிறது. நம் வழக்கில் கூறினால், நஞ்சு அதனிடம் ஓர் அமானிதமாக இருக்கிறது. ஆகவே இத்தகைய பொருள் எதைக் கையாண்டாலும் மூன்று கேள்விகள் எழுகின்றன. அது எதை ஏந்தும்? எவ்வளவு ஏந்தும்? ஏந்தியதை எங்கே இறக்கி வைப்பது? கரியின் வரலாறு இம்மூன்று கேள்விகளுக்கும் மனிதர் விடை தேடிய வரலாறே ஆகும். மூன்றாம் கேள்வியை அவர்கள் பலகாலும் மறந்த வரலாறும் ஆகும்.

முன்னோர் விட்டுச்சென்றது

நம் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த அறிவியற் செய்தி வந்தாலும், இதனை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டனர் என்று கூறி மகிழ்வோம். பரப்புக் கவர்ச்சியைப் பொறுத்தவரை அவ்வாறு நாம் கூறமாட்டோம். உள்ளதை உள்ளவாறு கூறுவதே முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதையாகும்.

ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ரய் நகரத்து மருத்துவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ, பொருள்களை உயிரினத்தைச் சார்ந்தவை, தாவரத்தைச் சார்ந்தவை, மண்ணிலிருந்து கிடைப்பவை என வகுத்தார். வடித்தல், பதங்கமாக்கல் முதலிய முறைகளையும் அவற்றுக்குரிய கலங்களையும் ஒழுங்காக எழுதிவைத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் ‘அல்கலி’ என்னும் சொல், தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. 1333இல் மறைந்த எகிப்திய அறிஞர் அந்நுவைரீ, கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கூம்பு வடிவப் பானைகளில் உறையவிட்டுச் சர்க்கரை எடுத்த முறையைத் தம் பெருநூலில் விரிவாக எழுதியுள்ளார்.

இவர்களுள் எவரும் கரியின் கவர்ச்சியை ஆராய்ந்ததாக நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. செய்து பார்ப்பது, அளந்து பார்ப்பது, பிறர் செய்து பார்க்கும்படி எழுதிவைப்பது என்னும் வழக்கத்தை அவர்கள் விட்டுச்சென்றார்கள். அதனைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் அடுத்த அடியை வைத்தார்கள்.

1773இல் சுவீடன் நாட்டு ஷீலே, கரி வாயுக்களைத் தன்பால் ஏற்றுக்கொள்வதைக் கண்டார். 1777இல் இத்தாலியரான ஃபொந்தானா, சிவக்கக் காய்ச்சிய கரியைப் பாதரசத்தில் அமிழ்த்திக் குளிர்வித்து, வாயு நிறைந்த கண்ணாடிக் குழாயினுள் விட்டார். வாயு குறைந்தது, குழாயினுள் பாதரசம் ஏறியது. 1785இல் ரஷ்யத் தலைநகரான புனித பீட்டர்ஸ்பர்க்கில் மருந்தாளராக இருந்த லோவிட்ஸ், டார்டாரிக் அமிலக் கரைசல் பழுப்பேறுவதால் தொல்லையுற்றிருந்தார். அதில் கரித்தூள் சேர்ந்தபோது கரைசல் தெளிவதைக் கண்டார். கெட்டுப்போன தண்ணீரின் நாற்றத்தையும் கரித்தூள் நீக்குவதை அவர் பின்னர் மெய்ப்பித்தார்.

சர்க்கரையும் ஒரு சந்தேகமும்

கரியின் ஆற்றலை முதலிற் பெரிய அளவில் பயன்படுத்திக்கொண்டது சர்க்கரைத் தொழிலாகும். மரக்கரியைவிட எலும்பைச் சுட்டு எடுத்த கரி நிறத்தை நன்றாக நீக்கும் என்பதை 1811இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரத்து மருந்தாளர் ஃபிகியே கண்டறிந்தார். அக்காலத்தில் நெப்போலியன் போர்களால் கரும்புச் சர்க்கரை ஐரோப்பாவுக்கு வருவது தடைப்பட்டிருந்தது. பீட்ரூட் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரையின் நிறத்தைப் போக்க எலும்புக் கரி கைகொடுத்தது. அதன் பின்னர் அது கரும்புச் சர்க்கரை ஆலைகளுக்கும் பரவிற்று.

இங்கே நம் வீடுகளில் கேட்கப்படும் ஒரு வினா எழுகிறது. எலும்புக் கரியின் ஊடே வந்த சர்க்கரை ஆகுமா? மார்க்க விதிப்படி அறுக்கப்படாத பிராணியின் எலும்பு நஜீஸ் என்பதும், சுடுவதால் அது சுத்தமாகிவிடாது என்பதும் ஷாஃபிஈ மத்ஹபில் பெரும்பாலோர் கொண்ட கருத்தாகும். பன்றி நீங்கலாகப் பிற பிராணிகளின் உலர்ந்த எலும்பு சுத்தமானதே என்பதும், ஒரு பொருள் தன் தன்மை முற்றிலும் மாறினால் அதன் விதியும் மாறும் என்பதும் ஹனஃபீ மத்ஹபின் கருத்தாகும். தீர்ப்புக் கூறுவது ஆலிம்களின் பணி. வேதியியல் கூறக்கூடியது இவ்வளவே: சர்க்கரைப் பாகு எலும்புக் கரிப் படுகையின் ஊடே வடிகிறது, நிறம் கரியில் தங்குகிறது, கரி சர்க்கரையோடு கலப்பதில்லை. நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலானவற்றில் சாற்றைச் சுண்ணாம்பாலும் கந்தகப் புகையாலும் தெளிவிக்கும் முறையே வழக்கத்தில் உள்ளது. அயல்நாட்டுச் சர்க்கரையாயின் கேட்டறிந்துகொள்வது நன்று.

மருத்துவத்தில் கரி

1831ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவக் கழகத்தின் அறிஞர்கள் முன்னிலையில் தூயெரி என்னும் மருந்தாளர், உயிரைக் கொல்லும் அளவைப் போலப் பத்து மடங்கு ஸ்ட்ரிக்னின் நஞ்சைக் கரித்தூளுடன் கலந்து விழுங்கினார் என்று மருத்துவ வரலாறு கூறுகிறது. அவருக்குத் தீங்கு நேரவில்லை. பிறர் பின்பற்றத்தக்க செயலன்று அது. ஆயினும் வயிற்றில் நஞ்சைக் கரி பிடித்து நிறுத்தும் என்பதை அதைவிட அழுத்தமாக எவரும் காட்டியதில்லை.

இன்று மருத்துவமனைகளில் கிளர்வுற்ற கரித்தூளை நீரில் கரைத்துக் கொடுக்கின்றனர். வளர்ந்தவருக்குப் பொதுவாக 50 கிராம் கொடுப்பது வழக்கம். ஐம்பது கிராமின் உட்பரப்பு 12 ஏக்கருக்கு மேற்பட்டது. நஞ்சு குடலிலிருந்து குருதியில் கலப்பதற்கு முன்னரே அப்பரப்பில் ஒட்டிக்கொண்டு, கரியோடு உடலைவிட்டு வெளியேறுகிறது. அமானிதம் பத்திரமாக இறக்கப்படுகிறது.

ஆனால் காலம் தவறினால் கரியால் பயன் குறைவு. நஞ்சு உட்கொண்ட ஒரு மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் நற்பயன் எதிர்பார்க்கலாம் என்பது 1990களின் இறுதியிலிருந்து மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நெறியாகும். இலங்கையில் மஞ்சள் அரளி நஞ்சால் மருத்துவமனைக்கு வந்தவர்களிடையே நடந்த இரு ஆய்வுகள் இதில் நமக்குப் பாடமாக உள்ளன. 2003இல் வெளியான முதல் ஆய்வில், கரியைப் பலமுறை தொடர்ந்து கொடுக்கப்பட்டவர்களில் 100க்கு 2.5 பேரும், ஒருமுறை மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 100க்கு 8 பேரும் இறந்தனர். எல்லோரும் மகிழ்ந்தனர். 2008இல் 4,600க்கு மேற்பட்ட நஞ்சுண்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு வெளியாயிற்று. பூச்சிமருந்து உட்கொண்டவர்களும் அதில் இருந்தனர். கரி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கிராமத்திலிருந்து நோயாளி மருத்துவமனை வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நல்ல செய்தி கிடைத்ததும் நின்றுவிடாமல் மறுபடியும் சோதித்துப் பார்த்த அம்மருத்துவர்களின் நேர்மை போற்றத்தக்கது.

இதனைப் படிக்கும் குடும்பத்தினர் சிலவற்றை நினைவிற் கொள்ள வேண்டும். வீட்டு அடுப்புக்கரி மருந்தாகாது. மண்ணெண்ணெய், அமிலம், காரம், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுக்குக் கரி உதவாது. நினைவிழந்தவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே கேடாகலாம். செய்யத்தக்கது ஒன்றே: எந்த நஞ்சாயினும் ஒரு நிமிடமும் வீணாக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

போர்க்களத்தில் கரி

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை 5,700க்கு மேற்பட்ட உருளைகளைத் திறந்து குளோரின் வாயுவைக் காற்றில் விட்டது. மஞ்சளும் பச்சையும் கலந்த அப்புகை தரையோடு தவழ்ந்து பதுங்குகுழிகளுள் இறங்கிற்று. அங்கே பிரெஞ்சுக் கொடியின்கீழ் நின்றவர்களுள் அல்ஜீரியப் படைப்பிரிவினரும் இருந்தனர். தமக்குத் தொடர்பில்லாத ஒரு போரில், பெயர் அறியாத ஒரு வாயுவால் அவர்கள் மூச்சுத் திணறி மாண்டனர்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 26ஆம் நாள், அதே களத்தில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் தாக்குதலில் இறங்கியது. அவர்கள்மீதும் வாயு ஏவப்பட்டது. ஆங்கிலேய அதிகாரிகள் வீழ்ந்துவிட்ட நிலையில், ஜமாதார் மீர் தஸ்த் என்னும் பட்டாணிய வீரர் சிதறிய வீரர்களைத் திரட்டித் தலைமை தாங்கினார். காயமுற்ற பலரை மீட்டுவந்தார். அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது வழங்கப்பட்டது. வாயு விளைத்த கேடோ விருது பெற்ற பின்னரும் அவர் உடலை வருத்திக்கொண்டிருந்தது.

தொடக்கத்தில் வீரர்களுக்கு இரசாயனக் கரைசலில் நனைத்த துணியே காப்பாக இருந்தது. வாயுவுக்கு ஒரு கரைசல் என்று தேடிக்கொண்டிருந்தால் எதிரி வேறு வாயுவுக்கு மாறிவிடுவான். ரஷ்ய வேதியியலாளர் ஸெலின்ஸ்கி அதே 1915இல் கிளர்வுற்ற கரியை முகமூடியில் இட்டார். பலவகை நச்சு வாயுக்களைக் கரி ஒன்றே பிடித்து நிறுத்திற்று. 1916இல் ஆங்கிலேயரும் கரி நிறைத்த பெட்டியுடன் கூடிய முகமூடியைத் தம் படைக்கு வழங்கினர். அமெரிக்கா போரில் இறங்கிய பின்னர், 1918இல், தேங்காய்ச் சிரட்டையும் பழக்கொட்டைகளும் சேகரித்துத் தருமாறு அந்நாட்டு மக்கள் வேண்டிக்கொள்ளப்பட்டனர். சிரட்டை அடர்த்தியும் உறுதியும் மிக்கது. அதன் கரியில் மிக நுண்ணிய துளைகள் ஏராளமாக உண்டாகின்றன. வாயு மூலக்கூறுகளைப் பிடிக்க அத்தகைய துளைகளே ஏற்றவை.

எனினும் முகமூடிக்கும் எல்லை உண்டு. தீப்பிடித்த வீட்டில் உயிர்குடிக்கும் கார்பன் மோனாக்சைடைக் கரி பிடிக்காது. பிடிக்கும் வாயுவாயினும், பரப்பு நிறைந்த பின்னர் நஞ்சு தடையின்றி ஊடே வந்துவிடும். எதை, எவ்வளவு என்னும் முதலிரு கேள்விகளுக்கும் விடை அறியாதவனுக்கு முகமூடியே எமனாகும்.

இன்று காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரங்களிலும் இலங்கையிலும் சிரட்டைக் கரி பெருந்தொழிலாக வளர்ந்து, உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. அயல்நாடுகளில் தங்கம் பிரிக்கும் சுரங்கங்களிலும் தண்ணீர் நிலையங்களிலும் நம் தென்னையின் கரி ஊழியம் செய்கிறது. ஆனால் திறந்த குழிகளில் சிரட்டையைச் சுடும்போது எழும் புகையை மூச்சில் ஏற்பவர்கள் அருகிலுள்ள கிராமத்தார்கள். தொலைவிலுள்ள ஊரின் காற்றைத் தூய்மையாக்கும் பொருளை ஆக்குவதற்காக அண்டை வீட்டுக் காற்றைக் கெடுப்பது நீதியாகாது. புகையை அடைத்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் மூடிய உலைகள் இருக்கும்போது, சாக்குப்போக்குக்கு இடமில்லை.

மூச்சுக்கு ஒரு கல்

‘பரப்புக் கவர்ச்சி’ என்னும் பொருள்படும் தனிச்சொல்லை 1881இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கைசர் வழக்கிற் கொண்டுவந்தார். 1916 முதல் 1918 வரை அமெரிக்கரான லாங்மியூர் இதற்கு ஒரு கணக்கை வகுத்தார். பரப்பை இருக்கைகள் நிறைந்த மண்டபமாகக் கொண்டால், ஓர் இருக்கைக்கு ஒரு மூலக்கூறு என்பது அவர் கொள்கை. மண்டபம் நிறைந்துவிட்டால் வருபவர்க்கு இடமில்லை. பரப்பைப் பற்றிய ஆய்வுகளுக்காக அவர் 1932இல் நோபல் பரிசு பெற்றார். 1938இல் புருனவர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவர், மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாக அமர்வதையும் கணக்கிட்டு, நுண்துளைப் பொருளின் உட்பரப்பை அளக்கும் முறையைத் தந்தனர். 25 சென்ட் என்று நாம் முன்னர்க் கூறியது அத்தகைய அளவையால் அறிந்ததேயாகும்.

கரியைப் போலவே பரப்பால் கவரும் ஒருவகைக் கல் உண்டு. 1756இல் சுவீடன் நாட்டுக் குரோன்ஸ்டெட் அக்கல்லைச் சூடாக்கியபோது அதிலிருந்து நீராவி கொதித்தெழுந்தது. ஆதலால் ‘கொதிக்கும் கல்’ என்னும் பொருளில் ஸியோலைட் என்று பெயரிட்டார். அதன் துளைகள் கரியின் துளைகளைப் போல ஒழுங்கற்றவை அல்ல. ஒரே அளவில் வரிசையாக அமைந்தவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனைச் செயற்கையாக ஆக்கக் கற்றனர். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் உள்ளன. அழுத்திய காற்றை ஸியோலைட் படுகையில் செலுத்தினால் அது நைட்ரஜனை அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் செறிந்த காற்று வெளிவருகிறது. அழுத்தத்தைத் தளர்த்தினால் பிடித்த நைட்ரஜனை இறக்கிவிட்டு, கல் அடுத்த சுற்றுக்கு ஆயத்தமாகிறது. இதுவே வீட்டிலும் மருத்துவமனையிலும் வைக்கும் ஆக்சிஜன் செறிவூட்டியின் அடிப்படை. அது தரும் காற்றில் ஏறத்தாழ 93 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு.

2021ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களை நாம் மறக்க இயலாது. கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலையில் ஒரு உருளை ஆக்சிஜனுக்காக மக்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். அப்போது பல ஊர்களில் ஜமாஅத்தார்களும் இளைஞர்களும் செறிவூட்டிகளை வாங்கி, சாதி சமயம் பாராமல் நோயாளிகளின் வீடுகளுக்கு இரவலாகக் கொண்டுசென்று கொடுத்தார்கள். அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது 1756இல் கொதித்த கல்லின் வழித்தோன்றலே.

கிணற்றில் இறங்கிய நஞ்சு

குளத்து நீரால் பரவும் பேதியிலிருந்து பிள்ளைகளைக் காப்பதற்காக, 1970கள் முதல் வங்கதேசத்தில் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. நோக்கம் நல்லது. ஆனால் அந்நிலத்தடி நீரில் இயற்கையாகவே பாஷாணம் எனப்படும் ஆர்சனிக் கலந்திருந்ததை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1993இல் அது வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியான கட்டுரை ஒன்று, மக்கள் தொகுதி ஒன்று நஞ்சூட்டப்பட்ட நிகழ்ச்சிகளில் வரலாற்றிலேயே மிகப்பெரியது இதுவே என்று கூறிற்று. மூன்றரைக் கோடி முதல் ஏழு கோடியே எழுபது இலட்சம் வரையிலான மக்கள் ஆபத்தில் இருப்பதாக அது மதிப்பிட்டது. தோலில் புள்ளிகள், உள்ளங்கையில் தடிப்பு, ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் என அந்நஞ்சு மெல்லக் கொல்வது.

அந்நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த அபுல் ஹுசாம், குஷ்டியாவிலிருந்த தம் சகோதரரின் துணையுடன் பல ஆண்டுகள் உழைத்து ஒரு வடிகட்டியை உருவாக்கினார். இரண்டு வாளிகள், அவற்றுள் மணல், செங்கற் சல்லி, மரக்கரி, தனிமுறையில் பதப்படுத்திய இரும்புத் துகள். மின்சாரம் வேண்டியதில்லை. இரும்பின் துருப் பரப்பில் ஆர்சனிக் இறுகப் பிணைந்து நின்றுவிடுகிறது. 2007இல் அமெரிக்க தேசியப் பொறியியல் கழகம் அவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு வழங்கியது. அதில் பெரும்பகுதியை வடிகட்டிகளை ஏழைகளுக்கு வழங்கவே அவர் ஒதுக்கினார்.

பாலாற்றங்கரையில்

பிறர் கதையைப் பேசிவிட்டு நம் கதையை மறைப்பது முறையாகாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல் தொழில், தமிழக முஸ்லிம்களின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. அதன் ஈட்டத்தில் பள்ளிவாசல்கள் எழுந்தன, கல்விக்கூடங்கள் வளர்ந்தன, ஆயிரமாயிரம் குடும்பங்கள், எல்லாச் சமயத்தாரும், வாழ்ந்தன. அதே தொழிலின் கழிவு பாலாற்றில் கலந்து, கிணறுகளை உப்பாக்கி, வயல்களைப் பாழாக்கிற்று. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கேடு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்நிலத்துத் தோல் ஆலைகளின் வழக்கில்தான் நிலைநாட்டியது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் கடுமையாகப் பேச நேர்ந்தது.

கழிவுநீரின் நிறத்தையும் கடைசியாக எஞ்சும் கரிமப் பொருள்களையும் நீக்கக் கிளர்வுற்ற கரி பயன்படுகிறது. ஆனால் நீரில் கரைந்த உப்பைக் கரி பிடிக்காது. குரோமியத்தை வேதிமுறையால் படியவைத்து முன்னரே பிரித்தெடுக்க வேண்டும். உப்பை நீக்கச் சவ்வூடு வடித்தலும், எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கலும் வேண்டும். அவையெல்லாம் செலவு மிக்கவை. நிறம் மட்டும் நீங்கிய நீரைக் கண்டு, நீர் சுத்தமாயிற்று என்று சொல்பவர் கண்ணை ஏமாற்றலாம். நிலத்தை ஏமாற்ற முடியாது. நஞ்சு நிறைந்த கரியையும் சகதியையும் ஆற்றோரத்தில் கொட்டிவிட்டால், மழை அதனைத் திரும்ப ஆற்றிற் சேர்க்கும். மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லாத தூய்மை, தூய்மையாகாது. ஒளுச் செய்யும் நீரிலும் வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சமுதாயம் இதனை எவர் சொல்லியும் அறிய வேண்டியதில்லை.

பாலைவனக் காற்றில் நீர்

1965இல் ஜோர்டானின் அம்மான் நகரில், பாலஸ்தீன அகதிக் குடும்பம் ஒன்றில் ஒமர் யாகி பிறந்தார். கால்நடைகளோடு பகிர்ந்துகொண்ட ஓர் அறையே அப்பெரிய குடும்பத்தின் வீடு. குழாயில் தண்ணீர் எப்போதோ ஒருமுறை, சில மணி நேரமே வரும். வந்தபோது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்தாம் வயதில் அவர் அமெரிக்கா சென்று படித்தார். உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, சாரம் கட்டியது போன்ற வெற்றிடம் நிறைந்த படிகங்களை ஆக்கினார். இவ்வகைப் பொருள்களில் ஒரு கிராமுக்கு 7,000 சதுர மீட்டர் பரப்பு உடையவையும் இன்று உண்டு. கரியின் 25 சென்ட் இங்கே ஒன்றே முக்கால் ஏக்கராகிறது. 2017இல் அவரும் அவர் துணைவர்களும், வறண்ட காற்றிலிருந்து ஈரத்தைப் பிடித்து, வெயிலின் வெப்பத்தாலேயே அதனை நீராக இறக்கும் கருவி ஒன்றை வெளியிட்டனர். 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை ஜப்பானியரான கிடகாவா, ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ராப்சன் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

தண்ணீருக்குக் காத்திருந்த சிறுவன், காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கக் கற்றான். நம் பிள்ளைகளுக்கு முன்னோரின் பெயர்களைச் சொல்வதோடு இதனையும் சொல்லவேண்டும். அர்ராஸீயின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, சோதனைச் சாலையில் கை கறைப்படுத்திக்கொள்பவருக்கே உண்டு.

இக்கட்டுரையை நம் சமையலறையிலேயே முடிப்போம். இன்று பல வீடுகளின் சுவரில் தண்ணீர் வடிகட்டி தொங்குகிறது. அதனுள்ளும் ஒரு கரிக்குழல் இருக்கிறது. வாங்கிய நாளில் பூட்டியது, ஆண்டுகள் பல கடந்தும் மாற்றப்படாமல் எத்தனை வீடுகளில் இருக்கிறது! பரப்பு நிறைந்த கரி மேலும் எதையும் ஏந்தாது. அதில் கிருமிகள் குடியேறவும் கூடும். நீர் அதன் வழியாக வருகிறது என்பதால் சுத்தமாகிவிடுவதில்லை. கரி தனக்குரிய அளவுவரை தன் அமானிதத்தை நிறைவேற்றியது. அது நிறைந்த நாளைக் குறித்து வைப்பதும், உரிய காலத்தில் அதனை மாற்றுவதும், பழையதைக் கிணற்றடியில் எறியாமலிருப்பதும் நம் பொறுப்பில் விடப்பட்டவை. இன்றே அக்குழலின் மேல் எழுதியுள்ள தேதியைப் பார்ப்போமாக.